ஆரஞ்சும் நார்த்தங்காயும்

பெரம்பலூர் மாவட்டத்தில் நான் பணிபுரியும் பள்ளியில், நான்காம் வகுப்பு ஆங்கிலப் பாடவேளை. வண்ண அட்டையைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்றேன். "மக்காச்சோளக் கலர் டீச்சர்" என்றாள் ஒரு மாணவி. பள்ளியைச் சுற்றி மக்காச்சோளக் காடுதான். "தப்பு, ஆரஞ்சு" என்று திருத்திவிட்டு அடுத்த அட்டைக்குப் போனேன். அதன்பின் ஆங்கில வகுப்பில் அவள் வாய் திறக்கவே இல்லை.

அரியலூர்ப் பக்கம் பணிபுரியும் தோழியிடம் இதைச் சொன்னேன். "எங்க பிள்ளைங்க கனகாம்பரக் கலர்னு சொல்லும்" என்று சிரித்தார். அப்போதுதான் அந்த ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

ஆங்கிலத்தில் முதலில் ஆரஞ்சு என்பது பழத்தின் பெயர் மட்டுமே. நிறத்தின் பெயராக அது எழுத்தில் வந்தது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் மஞ்சளையும் சிவப்பையும் ஒட்டவைத்து ஒரே சொல்லாகச் சொன்னார்கள். நாம் சொல்லும் செம்மஞ்சளேதான்! ராபின் பறவையின் மார்பு ஆரஞ்சு நிறம். ஆனாலும் 'செம்மார்பு' என்றே அதற்குப் பெயர். பெயர் வைத்த காலத்தில் அந்த நிறத்துக்குத் தனிச்சொல் இல்லை.

பழத்தின் பெயரும் அவர்களுடையதல்ல. சமஸ்கிருதத்தில் நாரங்க, பாரசீகத்தில் நாரங், அரபியில் நாரஞ்ச், ஸ்பானியத்தில் நாரன்ஹா. பிரெஞ்சுக்கு வரும்போது முதல் 'ந' உதிர்ந்தது. அந்த வடிவமே ஆங்கிலத்துக்குப் போனது. சமஸ்கிருதச் சொல்லே திராவிட மொழியிலிருந்து பெற்றதாக இருக்கலாம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. நம் ஊறுகாய்ப் பானையிலுள்ள நாரத்தை அதற்கு உறவுதான். (நெதர்லாந்து அரச குடும்பப் பெயரிலுள்ள ஆரஞ்சு வேறு, அது பிரான்சிலுள்ள ஓர் ஊரின் பெயர்.)

மறுநாள் அதே அட்டையை மீண்டும் எடுத்தேன். "நேத்து நீ சொன்னது சரிதான். இங்கிலீஷ்காரங்க பழத்தைப் பார்த்துப் பேர் வச்சாங்க, நீ சோளத்தைப் பார்த்து வச்சே" என்று சொல்லிவிட்டு, ஆரஞ்சு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பொருளைக் கொண்டு பெயர் பெற்ற நிறங்களைச் சொல்லச் சொன்னதும் கிளிப்பச்சை, மயில்கழுத்து, பாக்குக் கலர் என்று வகுப்பே இரைந்தது. கடைசியாக அவள் எழுந்தாள்: "கத்திரிப்பூ கலர் டீச்சர். அதுக்கு இங்கிலீஷ்ல என்ன?"

வயலெட் என்றேன். அதுவும் ஒரு பூவின் பெயர்தான்.