தாய்மைக்குத் தடையாகும் கருப்பைக் கழுத்து அழற்சி

மணமாகி மூன்றாண்டு கழிந்தும் மடியில் மழலை இல்லையெனில், மாத்தளை மாவட்டத்துத் தோட்ட லயங்களிலும் சரி, பட்டணத்துத் தெருக்களிலும் சரி, முதலில் குற்றம் சாட்டப்படுபவள் மனைவியே. முத்துமாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் வைக்கப்படும்; கைமருந்து அரைக்கப்படும்; வைத்தியரிடம் செல்வது மாத்திரம் பின்போடப்படும். இத்தகைய இல்லங்களில் வாய்விட்டுப் பேசப்படாத காரணங்களுள் ஒன்று கருப்பைக் கழுத்து அழற்சி. மாணவரும் வாசிக்கும் பக்கத்தில் இது தகுமா என்பாருளர். தகும் என்பதே நம் கருத்து.

கருப்பையின் அடிப்பாகம் குறுகி முடியும் வாயிலே கருப்பைக் கழுத்து. அங்கே ஊறும் சளி, மாதத்தின் பெரும்பகுதியில் தடித்து நின்று கிருமிகளைத் தடுக்கும்; முட்டை வெளிப்படும் நாட்களில் நெகிழ்ந்து விந்தணுவுக்கு வழிவிடும். இக்காவலே நோயுறும்போது வழி கெடுகிறது. கிளமிடியா, கொனோரியா ஆகிய கிருமிகள் முக்கிய காரணங்கள். இவை உடலுறவால் தொற்றுவன. வாசனைத் திரவங்களால் உள்ளுறுப்பைக் கழுவும் பழக்கமும் சிலருக்கு அழற்சியை உண்டாக்கும்.

வெள்ளைபடுதல் எல்லாம் நோயன்று. நிறமும் நாற்றமுமின்றி அளவாக வருவது இயற்கை. ஆனால் மஞ்சளாகச் சீழ்போல் வடிதல், உறவுக்குப் பின் இரத்தம் கசிதல், அடிவயிற்று நோவு ஆகியவற்றையும் ‘உடற்சூடு’ என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் கொடுத்து அமைதி காண்கிறோமே, அதுதான் ஆபத்து. அதனினும் பெரிய தொல்லை, பலருக்கு எவ்வித அறிகுறியும் தோன்றாமையே. கவனியாது விட்டால் கிருமி கருப்பைக்குள் ஏறி, சினைக்குழாய்களைத் தாக்கித் தழும்பேற்றும். குழாய் அடைபட்டால் கருத்தரிப்பு இல்லை. பாதி அடைபட்டால் கரு குழாயிலேயே தங்கித் தாயின் உயிருக்கே உலை வைக்கலாம்.

கருவுற்றபின் இந்நோய் இருப்பின், பனிக்குடம் முன்னரே உடைதலும் குறைமாதப் பிரசவமும் நேரக்கூடும். பிறக்கும்போது கிருமி பற்றிய சிசுவுக்குக் கண்ணோயும், கிளமிடியாவாயின் நுரையீரல் அழற்சியும் வரலாம்.

நிற்க, நம் நாடு இத்துறையில் பின்தங்கியதன்று. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்துவிட்டதாக 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது. கர்ப்பிணிகள் அனைவருக்கும் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையே அதற்கு அடிப்படை. எனினும் சிபிலிசுக்கான அப்பரிசோதனை கிளமிடியாவையோ கொனோரியாவையோ காட்டிக் கொடுக்காது. ஆகவே வீடு தேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் அறிகுறிகளை மறையாமற் கூறல் வேண்டும். 1996ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் 35 வயதுப் பெண்களுக்குச் செய்யப்படும் பரிசோதனை புற்றுநோயின் முன்னறிகுறியைத் தேடுவது. அங்கே அழற்சி கண்ணிற்பட்டாலும் மேற்கொண்டு சிகிச்சைக்கு அனுப்புவர். ‘கழுத்தில் புண்’ என்று கேட்டதும் சிலர் கலங்கிப் போகின்றனர். கர்ப்ப காலத்தில் அவ்விடம் இயல்பாகவே சிவந்து காணப்படுவதுண்டு, அது நோயாகாது.

சிகிச்சை எளிது, உரிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் தொற்று நீங்கும். முன்னரே ஏறிவிட்ட தழும்பு மட்டும் நீங்காது. கர்ப்பிணிக்கு டொக்சிசைக்கிளின் தவிர்க்கப்பட்டு, கிளமிடியாவுக்கு அசித்திரோமைசின் தரப்படும். கணவனும் அதே வேளையில் மருந்துண்ண வேண்டும். மருந்து முடித்து ஏழு நாள் கழியும் வரை இருவரும் கூடலாகாது. மனைவியை மட்டும் கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு வெளியே காத்து நிற்கும் கணவனிடமிருந்து, அதே கிருமி மறுபடியும் அவளிடம் திரும்பி வரும்.