மூப்பும் சிறுநீர்க் கசிவும்

சென்னை நொச்சிக்குப்பத்தில் மீன் கூடையின் முன் அமர்ந்திருக்கும் மூதாட்டியும், குழித்தறியில் அமர்ந்திருக்கும் முதிய நெசவாளரும், கழனியில் களை பறிக்கும் பாட்டியும் தொழிலால் வேறுபட்டவர்கள். ஆயினும் இத்தகையோரிடம் பொதுவான வழக்கம் ஒன்றுண்டு. வேலை நேரத்தில் தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்கின்றனர். சிறுநீர் தன்னையறியாமல் கசிந்துவிடுமோ என்ற அச்சமே காரணம். நம் சங்கங்களின் மகாசபைக் கூட்டத்திற்கும் இக்காரணத்தாலேயே வராமலிருக்கும் மூத்த அங்கத்தினர் உளர்.

இது மூப்பின் விதியன்று, நோய். பெரும்பாலும் குணப்படுத்தவோ குறைக்கவோ இயலும் நோய்.

இருமினாலும் பளு தூக்கினாலும் கசிவது, இடுப்பின் அடித்தசைகள் தளர்ந்ததன் விளைவு. பல மகப்பேறு கண்ட பெண்களிடம் இதனை மிகுதியாகக் காணலாம். திடீரென முட்டிக்கொண்டு வந்து அடக்க இயலாமற் போவது மற்றொரு வகை. ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைப்பதால், பை நிரம்பிச் சொட்டுவதுமுண்டு. நீரிழிவு, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகள் ஆகியனவும் காரணமாகலாம்.

தண்ணீரைக் குறைத்தல் தவறான பரிகாரம். சிறுநீர் செறிவுற்றுப் பையை உறுத்தும்; தொற்றும் மலச்சிக்கலும் தொல்லையை மிகுவிக்கும். வைத்தியர் அளவு விதித்திருந்தாலன்றிப் பகலில் போதுமான நீர் அருந்துக. உறங்குமுன் இரண்டு மணி நேரம் மட்டும் குறைத்திடுக. காப்பி, தேநீரையும் மட்டுப்படுத்துக. தறியிலிருந்தாலும் இரண்டு மணிக்கொருமுறை எழுந்து சென்று வருக.

அமெரிக்க வைத்தியர் ஆர்னால்டு கெகல் 1948இல் வெளியிட்ட பயிற்சி செலவற்றது. காற்றை அடக்குவது போல் அடித்தசைகளைச் சுருக்கி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, அதே அளவு தளர்த்துக. பத்து முறையாக நாள்தோறும் மூன்று வேளை செய்க. பலன் காண மூன்று மாதம் ஆகலாம்.

சிறுநீரில் இரத்தம் கண்டாலும், முற்றிலும் அடைத்துக்கொண்டாலும், கசிவுடன் கால்கள் திடீரெனத் தளர்ந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இலேயே தோன்றிற்று. கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது.

இல்லத்தார் கடிந்துகொள்ளலாகாது. இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கட்டும். விரைந்து நடந்து வழுக்கி எலும்பு முறிந்தோர் பலர். பழைய பருத்தி வேட்டியை மடித்து உள்ளே வைத்து, நனைந்தவுடன் மாற்றினால் தோல் புண்படாது.

சங்க நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த மகாசபையில் மூத்தோருக்கு வாயிலருகே நாற்காலி இடுங்கள். நடுவே இடைவேளை விடுங்கள். கழிவறையைத் துப்புரவாகத் திறந்து வையுங்கள். சங்கத்தை வளர்த்தவர்கள் கூச்சத்தால் அதற்கு அந்நியராகிவிடலாகாது.