வீட்டுக்குக் கார்ட்லெஸ் போன் வாங்கும்போது

நம் வணிகர்களில் பலருக்குக் கீழே கடை, மேலே வீடு. கைபேசி வந்த பிறகும் பழைய வாடிக்கைக்காரர்கள் சிலர் கடையின் தொலைபேசி எண்ணுக்கே சரக்கு சொல்கிறார்கள். அந்த மணி மாடியிலும் கேட்க, ஒரு பேஸும் இரண்டு கைக்கருவியும் கொண்ட கார்ட்லெஸ் செட் போதும். ஒயர் இழுக்க வேண்டாம். மேலும் கீழும் இன்டர்காமில் பேசக் கட்டணமும் இல்லை.

பெட்டியில் 'டெக்ட்' என்று இருக்கிறதா எனப் பார்க்கவும். பழைய அனலாக் செட்டில் நாம் சொல்லும் கொள்முதல் விலையைப் பக்கத்து வீட்டாரும் கேட்க வழியிருந்தது! அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் செட் வேண்டாம். அந்நாட்டு அலைவரிசையே வேறு.

300 மீட்டர் எட்டும் என்பது திறந்த வெளிக் கணக்கு. கட்டடத்துக்குள் 50 மீட்டர் கிடைத்தால் பெரிது. கான்கிரீட் தளமும் இரும்பு பீரோவும் அதையும் குறைக்கும். பேஸை மாடிப்படி அருகே உயரத்தில் வைப்பது நல்லது.

முக்கியமானது மின்வெட்டு. கரண்ட் போனால் பேஸ் நின்றுவிடும். செம்புக் கம்பி இணைப்பில் சாதாரண போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். அதனால் அது பேசும். ஃபைபர் இணைப்பில் மோடம் அணைந்தால் அதுவும் பேசாது. வயதானவர்கள் தனியே இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. பேஸ், மோடம் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் சேர்த்துவிட வேண்டும்.

கைக்கருவிக்கு ரீசார்ஜ் செல் மட்டுமே போடலாம். நம் கடையில் தொங்கும் கடிகார செல்லைப் போட்டுச் சார்ஜில் வைத்தால் ஒழுகும், வெடிக்கவும் கூடும்.