தட்டம்மை அழித்துவிட்டுப் போகும் பழைய கணக்கு

தட்டம்மை பற்றிய செய்தி எப்போது வந்தாலும் கூடவே ஒரு கேள்வியும் வரும். “எங்கள் காலத்தில் வீட்டில் ஒரு பிள்ளைக்கு மணல்வாரி வந்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து இறங்கும். வேப்பிலை கட்டினோம், தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், சரியானது. ஒரு தடவை வந்தால் ஆயுசுக்கும் வராது. இயற்கையாகவே வரும் எதிர்ப்புச் சக்தியை விட்டுவிட்டு ஊசி எதற்கு?”

இதில் பாதி சரி. ஒரு முறை வந்தவருக்குத் தட்டம்மை மறுபடி வருவது மிக அரிது. ஆனால் அந்தப் பாதுகாப்பைப் பெறும்போது உடம்பு எதை இழக்கிறது என்பது 2019-ல்தான் துல்லியமாகத் தெரிந்தது. தெரியவைத்தவர்கள் தடுப்பூசியை மறுத்த பெற்றோரின் பிள்ளைகள். இடம் நெதர்லாந்து.

அந்நாட்டின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸேலண்டில் தொடங்கி வடகிழக்கு நோக்கிச் சாய்வாக ஓடும் ஒரு பகுதிக்குப் ‘பைபிள் பட்டை’ என்று பெயர். ஆசாரமான புராட்டஸ்டன்ட் சபையினர் நெருக்கமாக வாழும் ஊர்கள். நோய் வருவதும் வராததும் இறைவன் சித்தம், அதில் மனிதன் முந்திக்கொண்டு தலையிடக் கூடாது என்று அவர்களில் ஒரு பகுதியினர் நம்புகிறார்கள். நேற்று வாட்ஸ்அப்பில் பிறந்த நம்பிக்கையில்லை இது. ஆபிரகாம் கபடோசே என்ற டச்சு மருத்துவர் பெரியம்மைக் குத்தலை எதிர்த்து 1823-லேயே புத்தகம் எழுதினார். 1992-93-ல் போலியோ இந்த ஊர்களில் புகுந்து 71 பேரைத் தாக்கியது, இருவர் இறந்தார்கள். 2013 மே மாதம் தட்டம்மை புகுந்தது. அடுத்த ஆண்டு ஓய்வதற்குள் பதிவானவர்கள் மட்டும் சுமார் 2,700 பேர். 17 வயதுப் பெண் ஒருத்தி இறந்தாள்.

ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவ மையத்தைச் சேர்ந்த ரிக் டி ஸ்வார்ட் குழுவினர் அந்த நேரத்தில் சபைப் பள்ளிகளின் பெற்றோரை அணுகினார்கள். நோய் வருமுன் பிள்ளைகளிடம் கொஞ்சம் ரத்தம், வந்து போனபின் கொஞ்சம் ரத்தம் தரச் சம்மதமா என்று கேட்டார்கள். ஊசி வேண்டாம் என்றிருந்த பெற்றோர் பலர் இதற்குச் சம்மதித்தார்கள். தடுப்பூசியை மறுப்பவர் அறிவியலையே மறுப்பவர் என்று எழுதிவிடுகிறோம் அல்லவா, அந்த முடிவை இந்த ஒரு சம்மதமே அசைக்கிறது. அம்மைக்கு முன்னும் பின்னும் ஒரே குழந்தையிடம் எடுத்த ரத்தம் கிடைப்பது மருத்துவ உலகில் மிக அரிது. அந்தக் குழாய்களில் சில அமெரிக்காவில் ஹார்வர்டுக்குப் போயின. ஸ்டீபன் எலெட்ஜ், மைக்கேல் மினா குழுவினரிடம் வைர்ஸ்கேன் என்றொரு பரிசோதனை இருந்தது. நூற்றுக்கணக்கான வைரஸ்களின் துணுக்குகளை ஒரு துளி ரத்தத்தோடு சேர்த்து, எதை எதை எதிர்ப்பொருள்கள் பிடிக்கின்றன என்று பார்ப்பார்கள். பிடிபட்டவை எல்லாம் அந்தப் பிள்ளை இதுவரை பட்ட நோய்களின், போட்ட ஊசிகளின் ஜாதகம்.

ஊசி போடாத 77 பிள்ளைகளின் ஜாதகத்தை அம்மைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். அம்மைக்குச் சம்பந்தமே இல்லாத மற்ற நோய்களுக்கான எதிர்ப்பொருள்களில் 11 முதல் 73 சதவீதம் வரை காணவில்லை. தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசி போட்ட பிள்ளைகளிடம் இந்த இழப்பு இல்லை.

எப்படிக் காணாமல் போயின? இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

தட்டம்மை வைரஸ் மூச்சோடு உள்ளே போனாலும், மூச்சுக்குழாயின் உட்சுவரை முதலில் தொடுவதில்லை. நுரையீரலில் திரியும் நோயெதிர்ப்புச் செல்களில் ஏறிக்கொண்டு நேரே நிணநீர்க் கணுக்களுக்குப் போகிறது. அங்கே அது தேடும் பிடி சிடி150 என்ற புரதம். பழைய நோய்களை நினைவில் வைத்திருக்கும் செல்களின் மேல் இந்தப் பிடி அதிகம். இன்னும் எந்தக் கிருமியையும் பார்க்காத புதுச் செல்களில் குறைவு. ஆகவே அனுபவசாலிச் செல்களாகப் பார்த்து வைரஸ் புகுந்துகொள்கிறது. கடைசியில்தான் மூச்சுக்குழாயின் சுவருக்குக் கீழ்ப்புறமாக வந்து, நெக்டின்-4 என்ற வேறொரு பிடியைப் பற்றி, இருமலோடு வெளியேறுகிறது.

ஒரு மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யார் கடன் சொல்லி ஏமாற்றினார்கள் என்று அண்ணாச்சி பத்து வருடமாக எழுதிவைத்த நோட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. திருட வந்தவன் பருப்பையோ கல்லாப் பணத்தையோ தொடவில்லை. நோட்டின் பக்கங்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொண்டான். அண்ணாச்சி ஆட்களை ஏவுகிறார். அவர்கள் அவன் ஒளிந்த ஒவ்வொரு பக்கத்தையும் கிழித்துக் கொளுத்துகிறார்கள். திருடன் ஒழிந்தான், பக்கங்களும் ஒழிந்தன. அப்புறம் அண்ணாச்சி அன்றைக்கே புதுத் தாள் வைத்துத் தைத்து எழுத ஆரம்பிக்கிறார். பழைய நோட்டின் கனம் திரும்ப வந்துவிடுகிறது, தராசில் வைத்தாலும் எடை சரியாக இருக்கும். பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருப்பது இந்த ஒரே திருடனின் பெயர். அவன் இனி அந்தத் தெருப் பக்கமே வர முடியாது. பழைய ஏமாற்றுக்காரர்களோ ஒவ்வொருவராகக் கடைக்குள் வரலாம். ஒவ்வொருவரிடமும் இன்னொரு முறை ஏமாந்துதான் அவர்கள் பெயரை மறுபடி எழுத வேண்டும்.

உடம்பில் நடப்பது இதுவேதான். வைரஸ் புகுந்த நினைவுச் செல்களைக் கொன்று தீர்ப்பதில் நம் சொந்த டி செல்களுக்கும் பங்கு உண்டு. சில நாட்களில் வெள்ளணு எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறிவிடும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் குறை தெரியாது. ஏறிய கூட்டத்தில் பெரும்பகுதி தட்டம்மையை மட்டும் அறிந்த புதுச் செல்கள். அம்மை வந்தவருக்கு அதனிடமிருந்து ஆயுசுப் பாதுகாப்பு இருப்பதும், அம்மை வந்த பிள்ளைக்கு அடுத்தடுத்து நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று வருவதும் ஒன்றுக்கொன்று முரண் போலத் தெரிந்தனவே, அந்த முடிச்சு இங்கே அவிழ்கிறது. வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1908-லேயே இதன் நிழலைப் பார்த்தார்: காசநோய்க்கான தோல் பரிசோதனையில் தடிப்புக் காட்டிய பிள்ளைகள், தட்டம்மை வந்த நாட்களில் தடிப்புக் காட்டவில்லை. காரணம் தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

டச்சுப் பிள்ளைகளின் 2019 ஆய்வு வந்ததும் ‘தட்டம்மை உங்கள் நோயெதிர்ப்பு மண்டலத்தையே துடைத்துவிடும்’ என்ற தொனியில் பல பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. துடைப்பதில்லை. 11 சதவீதம் இழந்த பிள்ளையும் உண்டு, 73 சதவீதம் இழந்த பிள்ளையும் உண்டு. மறுபடி கிருமிகளைச் சந்திக்கும்போது எதிர்ப்பொருள்கள் திரும்பவும் சேர்கின்றன. இங்கிலாந்து-வேல்ஸ், அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து மினா குழு 2015-ல் வெளியிட்ட கட்டுரை, அம்மை பரவியபின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மற்ற தொற்றுகளால் குழந்தை இறப்பு கூடியிருந்ததாகச் சொன்னது. அது மக்கள்தொகைக் கணக்கு. தனித்தனிக் குழந்தையைப் பின்தொடர்ந்த ஆய்வில்லை. இருந்தும், சாப்பாட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் குறைவில்லாத டச்சுப் பிள்ளைகளுக்கே இவ்வளவு இழப்பு என்றால், சத்துக்குறைவான பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கவலை நியாயமானது. நம் ஊரில் ஒன்பதாம் மாத ஊசியோடு வைட்டமின் ஏ திரவமும் ஊற்றுவது அந்தச் சத்தின் குறைவைத் தடுக்கத்தான்.

இவ்வளவு அழகான சான்றைக் காட்டினால் பெற்றோர் மனம் மாறிவிடுமா? இங்கேதான் பெற்றோரின் மனப்போக்கு பற்றிய ஆய்வுகளை மதித்துப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் 1,759 பெற்றோரிடம் நடத்திய ஆய்வை பிரெண்டன் நைஹன் குழு 2014-ல் வெளியிட்டது. ஆட்டிசத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று விளக்கியதில் தவறான எண்ணம் குறைந்தது; ஆனால் ஏற்கெனவே ஊசியை விரும்பாதவர்களின் தயக்கம் இன்னும் கூடியது. நோயுற்ற குழந்தைகளின் படங்களைக் காட்டியபோது ஆட்டிசப் பயமே வலுத்தது. எல்லாச் சூழலிலும் இப்படித் திருப்பியடிக்கும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டவில்லை. பயமுறுத்தினால் பணிந்துவிடுவார்கள் என்ற எண்ணத்துக்கு மட்டும் ஆதாரம் இல்லை.

பைபிள் பட்டைப் பெற்றோரிடம் உட்கார்ந்து பேசிய ஹெல்மா ரூய்ஸ் குழு 2012-ல் எழுதியதும் கவனிக்க வேண்டியது. சிலர் யோசித்து முடிவெடுத்தவர்கள். சிலர் தாய் தகப்பன் வழியில் வந்ததை அப்படியே தொடர்பவர்கள். ஊசி போட மாட்டோம் என்பவரும் கடவுளைச் சொல்கிறார், ஊசியும் கடவுள் தந்த வழிதான் என்று போட்டுக்கொள்பவரும் கடவுளைச் சொல்கிறார். அங்கே சிடி150 பற்றிப் பேசிப் பயனில்லை. அந்நாட்டில் குழந்தை நல மையங்கள் இலவசம், ஊசி கட்டாயமில்லை. எடை பார்க்க வரும் தாயிடம் மையத்துச் செவிலியர் பேசும் அந்தச் சில நிமிடங்களே முக்கியம். கனடாவின் கியூபெக்கில் பிரசவ வார்டிலேயே தாயை உட்காரவைத்து, முதலில் அவள் கேள்வியைக் கேட்டு, அனுமதி வாங்கிப் பிறகு விளக்கம் சொல்லும் முறையைச் சோதித்தார்கள். ஊசி போடும் எண்ணமும் கூடியது, பிறகு போட்டவர் எண்ணிக்கையும் கூடியது.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப் ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பைபிள் பட்டைப் பெற்றோரைப் போல நம்பிக்கையால் மறுத்தவர்களில்லை. தெரியாத ஊசி, திடீரென்று பள்ளியில் போடுகிறார்கள், யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. அந்தத் தாய்க்கு ‘மூடநம்பிக்கை’ என்று பட்டம் கட்டியதில் ஒருவரும் மனம் மாறியிருக்க மாட்டார்கள். கிராம சுகாதார செவிலியர் வாசலில் நின்று பேசிய இடங்களில் மாறியிருக்கும்.

ஆகவே கேள்வி கேட்ட வாசகர்களுக்கு: அம்மை தரும் எதிர்ப்புச் சக்தி நிஜம்தான்; அதைத் தரும்போது உங்கள் பிள்ளை முன்பு சேர்த்ததில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. ஊசி அதே எதிர்ப்பை எதையும் எடுக்காமல் தருகிறது. முதல் தவணை ஒன்பது மாதம் முடிந்ததும், இரண்டாவது 16 முதல் 24 மாதத்துக்குள். பலர் இரண்டாவதைத்தான் தவறவிடுகிறார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்து அந்தக் கட்டத்தில் தேதி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விட்டுப்போயிருந்தால் ஐந்து வயது வரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள். பயமாக இருந்தால் அந்தப் பயத்தையும் அங்கே இருக்கும் செவிலியரிடம் சொல்லுங்கள்.