டி.வி. கேமும் ஒரு கம்ப்யூட்டர்தான்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், "இதற்கு முன் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை" என்பார்கள். 1990களில் சிறுவர்களாக இருந்தவர்கள் இப்படிச் சொன்னால் அது பெரும்பாலும் சரியாக இருக்காது. டி.வி.யில் இணைத்து மரியோவும் கான்ட்ராவும் ஆடினீர்களே, அந்த டி.வி. கேமும் ஒரு கம்ப்யூட்டர்தான். அது எப்படி இயங்கியது என்று தெரிந்து கொண்டால் உங்கள் புதிய கம்ப்யூட்டரும் எளிதில் புரியும். அதே கேம்களை இன்டர்நெட்டில் தேடும்போது வைரஸில் சிக்காமலும் தப்பிக்கலாம்.

பெயரிலேயே கம்ப்யூட்டர்

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட இந்த மெஷினின் பெயரே "பேமிலி கம்ப்யூட்டர்". 1985ல் இது அமெரிக்காவிற்கு என்.இ.எஸ். என்ற பெயரில் சென்றது. நம் ஊர்க் கடைகளில் கிடைத்தவை பெரும்பாலும் இதைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள். மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்கள் பலருக்கு நினைவிருக்கும். உத்திரமேரூர் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கிராமத்தினர் இதற்காகக் காஞ்சிபுரத்திற்கோ செங்கல்பட்டிற்கோ பஸ் ஏற வேண்டும். சென்னை பர்மா பஜார் வரை போனவர்களும் உண்டு. ஒரு வீட்டில் வாங்கினால் போதும், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கேதான் இருப்பார்கள்.

அதனுள் இருந்தது சுமார் 1.8 மெகா ஹெர்ட்ஸ் வேகமுள்ள 8 பிட் பிராசசர். பிராசசரின் வேலைக்கான ராம் மெமரி 2 கிலோபைட் (கே.பி.) மட்டுமே. உங்கள் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. ராம் இருந்தால், அது இதைப் போல சுமார் 42 லட்சம் மடங்கு.

கல்வெட்டும் சிலேட்டும்

நாம் "கேசட்" என்று சொன்னோமே, அதில் டேப் எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது ரோம் எனப்படும் மெமரி சிப். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919லும் 921லும் பொறிக்கப்பட்ட குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகளை நினைத்துப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். யாரும் மாற்றி எழுத முடியாது. ரோம் அப்படிப்பட்டது. கேமின் புரோகிராமும் படங்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும்.

ராம் என்பது சிலேட்டு. உங்கள் ஸ்கோர், மீதியுள்ள உயிர்கள், எந்த லெவலில் நிற்கிறீர்கள் என்பதெல்லாம் அதில் எழுதி அழிக்கப்படும். கரண்ட் போனால் சிலேட்டு காலி. எட்டாவது உலகம் வரை போன மரியோ மறுபடி முதல் உலகத்தில் நின்றது இதனால்தான். கம்ப்யூட்டரில் கடிதம் டைப் செய்துவிட்டு சேவ் செய்யாமல் விட்டால் நடப்பதும் இதுவே. சேவ் செய்தால்தான் அது ராமிலிருந்து டிஸ்க்கிற்குப் போகும்.

கேசட்டை ஊதினால் வேலை செய்கிறது என்று எல்லாருமே நம்பினோம். உண்மையில் அதைக் கழற்றி மறுபடி செருகும்போது பின்கள் சரியாகப் பொருந்தியதே காரணம். ஊதும் காற்றிலுள்ள ஈரம் நாளடைவில் பின்களை அரிக்கும். கம்ப்யூட்டரின் ராம் கார்டையும் வாயால் ஊத வேண்டாம்.

40 கே.பி.யில் ஒரு உலகம்

1985ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேமின் மொத்த அளவு 40 கே.பி. இன்று மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோ இதைவிடப் பல மடங்கு பெரியது. இத்தனை சிறிய இடத்தில் 32 லெவல்கள் அடங்கியது எப்படி? படங்களைச் சிறு சதுரங்களாக்கி, அவற்றையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே படம்தான். நிறம் மட்டுமே வேறு.

"999999 இன் 1" கேசட்டின் ரகசியமும் இது போன்றதே. உள்ளே இருப்பது சில கேம்கள். அவற்றையே வேறு லெவலில் தொடங்க வைத்து, வேறு பெயரில் பட்டியலில் நீட்டியிருப்பார்கள்.

கம்ப்யூட்டரில் ஆட

இந்த கேம்களைக் கம்ப்யூட்டரில் இயக்க எமுலேட்டர் என்ற வகை புரோகிராம் தேவை. இது உங்கள் கம்ப்யூட்டரைப் பழைய டி.வி. கேம் போல நடிக்க வைக்கிறது. மெசன், நெஸ்டோபியா ஆகியவை இலவசமானவை. கேசட்டிற்குப் பதிலாக, என்.இ.எஸ். என முடியும் பைலை இது படிக்கும்.

ஆபத்து இங்குதான். "மரியோ இலவசம்" என்று வரும் பைல்கள் எல்லாம் கேம் அல்ல. வீட்டுக் கணக்கும் பேங்க் வேலையும் பார்க்கும் அதே கம்ப்யூட்டரில் அவற்றைத் திறந்தால் என்ன ஆகும்? எனவே திறக்கும் முன் இரண்டைக் கவனியுங்கள்.

1. பைலில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். நின்டெண்டோ அனுமதியுடன் இந்த மெஷினுக்கு வந்தவற்றில் மிகப் பெரிய கேமே 1 எம்.பி.தான். ஒரே ஒரு பழைய கேம் 30 எம்.பி. என்று காட்டினால் சந்தேகப்படுங்கள்.

2. விண்டோஸ் வழக்கமாக பைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்துவிடும். பைல் எக்ஸ்புளோரரில் வியூ மெனு சென்று "பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11ல் வியூ, பிறகு ஷோ என்று செல்ல வேண்டும். என்.இ.எஸ். என்று தெரிந்த பைல் உண்மையில் இ.எக்ஸ்.இ. என முடிந்தால் உடனே அழித்துவிடுங்கள். அது கேசட் அல்ல, கம்ப்யூட்டரில் நேரடியாக இயங்கும் புரோகிராம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பழையது என்பதால் எல்லாம் இலவசம் ஆகிவிடாது. 1957ன் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கம்ப்யூட்டர் புரோகிராம்களுக்கும் பொருந்தும். மரியோவிற்கு உரிமை இன்னும் நின்டெண்டோவிடமே உள்ளது. அதைத் தன் சொந்த மெஷின்களுக்கு மட்டுமே அந்நிறுவனம் தருகிறது. கொனாமி நிறுவனம் கான்ட்ரா கேம்களைத் தொகுத்து 2019ல் கம்ப்யூட்டருக்கும் வெளியிட்டது. இது தவிர, ஆர்வலர்கள் பழைய மெஷினுக்காகவே புதிதாக எழுதி இலவசமாகத் தரும் கேம்களும் உண்டு. "நோவா த ஸ்குவிரல்" அவற்றில் ஒன்று. அதன் புரோகிராம் வரிகளையே திறந்து படிக்கலாம்.

எமுலேட்டரை முதலில் இந்த கேமுடன் முயன்று பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால், பைலின் அளவையும் பெயரின் முடிவையும் அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எந்த பைலை டவுன்லோட் செய்தாலும் இந்தப் பழக்கம் அவர்களைக் காக்கும்.