உற்றுநோக்கலும் பரிசோதனையும்: உளவியல் ஆய்வில் தகவல் திரட்டும் இரு முறைகள்

சபைப் பணியில் இருப்போர் மனிதரின் நடத்தையைக் குறித்து முடிவு சொல்ல வேண்டிய நிலைக்கு நாள்தோறும் வருகின்றனர். ‘இவர் கல்நெஞ்சர்’, ‘இந்த இளைஞன் பொறுப்பற்றவன்’ என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். அம்முடிவு எத்தகைய சான்றின்மேல் நிற்கிறது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது அரிது. ஒருவர் தம்மைப்பற்றித் தாமே கூறுவதும் முழுச் சான்று ஆகாது; நினைவு பிசகும், நாணம் மறைக்கும். ஆகவே உளவியல் ஆய்வாளர் வினாவிடைகளோடு நின்றுவிடாமல், உற்றுநோக்கல், பரிசோதனை என்னும் இரு முறைகளையும் கையாளுகின்றனர். இவை எதைக் காட்டும், எதைக் காட்டமாட்டா என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. உற்றுநோக்கல்

செங்கோட்டைக்கு அண்மையிலுள்ள குற்றாலத்தில் சாரல் காலத்தில் கூடும் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அருவிக்குச் செல்லும் வழியில் முதியவர் ஒருவர் வழுக்கி விழுகிறார் எனக் கொள்வோம். சிலர் கைகொடுத்துத் தூக்குகின்றனர். பலர் விலகிச் செல்கின்றனர். இதனைக் கண்ட ஒருவர், ‘பத்துப் பேர் இரக்கமின்றிக் கடந்து போனார்கள்’ என்று எழுதினால், ஒரே வாக்கியத்தில் இரண்டு காரியங்களைக் கலந்துவிடுகிறார். கடந்துபோனது அவர் கண்டது. இரக்கமின்மை அவர் ஊகித்தது. இவ்விரண்டையும் பிரித்து எழுதுவதே முறையான உற்றுநோக்கலின் முதல் விதி. எச்செயலை ‘உதவி’ எனக் கணக்கிடுவது, எந்த இடத்தில், எந்த நேரத்தில் நோக்குவது என்பவற்றை முன்னரே வரையறுக்க வேண்டும். இருவர் தனித்தனியே பதிவுசெய்து, பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.

நோக்குபவர் ஒதுங்கி நிற்கலாம். கூட்டத்தில் ஒருவராய்க் கலந்தும் நோக்கலாம். முன்னதில் நடுநிலை எளிது. பின்னதில் உட்பொருள் விளங்கும். ஆனால் சொந்த விருப்பு வெறுப்புகள் பதிவில் கலந்துவிடக்கூடும். தாம் நோக்கப்படுகிறோம் என்று அறிந்தால் மனிதர் நடத்தையை மாற்றிக்கொள்வதும் உண்டு. போதகர் வீட்டுக்குள் நுழைந்ததும் குடும்பத்தின் பேச்சு மாறுவதை அறியாத ஊழியர் இல்லை.

இம்முறையின் பயனுக்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1934-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன்பின் பரவிய வதந்திகளை ஜமுனா பிரசாத் என்னும் உளவியலாளர் முறையாகத் திரட்டினார். அதிர்வை உணர்ந்தும் அழிவைக் காணாத மக்களிடையே, இதனினும் கொடிய கேடு வரப்போகிறது என்னும் வதந்திகள் பரவின. 1950-இல் டார்ஜீலிங்கில் நேர்ந்த நிலச்சரிவுக்குப் பின் துர்கானந்த் சின்ஹா இத்தகைய ஆய்வைச் செய்தார். அழிவைக் கண்ணெதிரே கண்ட அம்மக்களிடையே அவ்வகை வதந்திகள் காணப்படவில்லை. உள்ளே அச்சம் இருக்க, அதற்குரிய காரணம் வெளியே தென்படாதபோது மனம் அக்காரணத்தைத் தேடிக்கொள்ளுகிறது என்னும் வகையில் லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-இல் விளக்கம் கூறினார். ஆயினும் அவ்விரு இடங்களும் காலங்களும் வேறு பலவற்றிலும் வேறுபட்டவை. உற்றுநோக்கல் காரணத்தைச் சுட்டலாம். அதனை உறுதிப்படுத்த அதனால் மட்டும் இயலாது.

2. பரிசோதனை

காரணத்தை அறிய விரும்பும் ஆய்வாளர் ஒரு சூழ்நிலையைத் தாமே அமைத்து, அதில் ஒரு கூற்றை மட்டும் மாற்றி, அதனால் நடத்தை மாறுகிறதா எனப் பார்க்கிறார். அவர் மாற்றும் கூறு சாரா மாறி. அதனால் மாறும் நடத்தை சார்ந்த மாறி. எவர் எக்குழுவில் சேர்வது என்பது சீட்டுக் குலுக்கல் போன்ற வாய்ப்பு முறையால் முடிவு செய்யப்படுவதால், இரக்கமுள்ளோர் யாவரும் ஒரே குழுவில் சேர்ந்துவிடும் வாய்ப்புக் குறைகிறது.

இறையியல் மாணவர் மறக்கலாகாத பரிசோதனை, 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் ஆகியோர் வெளியிட்டதாகும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர் 40 பேரின் நடத்தை அதில் ஆராயப்பட்டது. ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் சென்று சிற்றுரை ஆற்றும்படி அவர்கள் அனுப்பப்பட்டனர். ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நல்ல சமாரியன் உவமையும், ஏனையோருக்கு இறையியல் மாணவருக்கேற்ற வேலைகளும் பொருளாகக் கொடுக்கப்பட்டன. மேலும், சிலரிடம் காலம் தாழ்ந்துவிட்டது என்றும், சிலரிடம் உடனே செல்லலாம் என்றும், சிலரிடம் இன்னும் நேரமிருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. வழியில் ஒருவர் சாய்ந்து கிடந்து, இருமி முனகிக்கொண்டிருந்தார். அவர் ஆய்வாளரால் அமர்த்தப்பட்டவர். ஒவ்வொருவரும் செய்ததைக் குறித்துக்கொண்டவரும் அவரே. ஆகவே பரிசோதனையும் உற்றுநோக்கலின்மேலேயே நிற்கிறது.

அவசரமில்லாதவருள் 63 விழுக்காட்டினரும், ஓரளவு அவசரமுள்ளவருள் 45 விழுக்காட்டினரும் உதவ முன்வந்தனர். மிகுந்த அவசரத்திலிருந்தவருள் 10 விழுக்காட்டினரே உதவினர். உவமையைப்பற்றிப் பேசச் சென்றவருள் 53 விழுக்காட்டினரும், மற்றவருள் 29 விழுக்காட்டினரும் உதவினர். ஆனால் புள்ளியியல் முறைப்படி இவ்வேறுபாட்டை உறுதியானதெனக் கொள்ள இயலவில்லை. இதைக்கொண்டு, ‘வேதத்தைத் தியானிப்பதால் பயனில்லை’ என்று கூறுவது தவறு. வேறுபாடு நிறுவப்படவில்லை என்பது ஒன்று. வேறுபாடு இல்லையென நிறுவப்பட்டது என்பது வேறு. 40 பேர் கொண்ட ஆய்வு அத்தனை பாரத்தைத் தாங்காது. விலகிச் சென்றவருட் சிலர் மனக்கலக்கத்தோடு வந்துசேர்ந்தனர் என்றும் ஆய்வாளர் குறித்துள்ளனர். அவர்களைக் கல்நெஞ்சர் என்பதற்கில்லை. தமக்காகக் காத்திருப்பவருக்கும் வழியில் கிடப்பவருக்கும் இடையே அகப்பட்டவர்கள் எனலாம்.

3. எல்லையும் பொறுப்பும்

அமைக்கப்பட்ட சூழ்நிலை வாழ்க்கை முழுவதற்கும் ஈடாகாது. அன்றியும், மேற்கூறிய ஆய்வில் மாணவர்கள் ஏமாற்றப்பட்டனர். பின்னரே உண்மை விளக்கப்பட்டது. இன்று இத்தகைய ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் முன்னனுமதி தேவை. பொது இடத்தில் பெயர் குறியாமல் நோக்குவது ஒன்று. துயர வேளையில் நம்மை நம்பிச் சொன்னதை ஆய்வுத் தகவலாக்குவது வேறு. பின்னது நம்பிக்கைத் துரோகம்.

சபை மக்கள் நம் பரிசோதனைக்குரிய பொருள்கள் அல்லர். ஆயினும் இம்முறைகளின் ஒழுங்கை நாம் கற்றுக்கொள்ளலாம். செங்கோட்டைப் பகுதியில் பணிபுரியும் ஊழியர் ஒருவர், தம் சபையார் ஒருவரை மூன்று ஞாயிறுகளாக ஆராதனையில் காணவில்லை எனக் கொள்வோம். குறிப்பேட்டில் ‘வரவில்லை’ என்று எழுதலாம். ‘பின்வாங்கிவிட்டார்’ என்று எழுதலாகாது. காரணத்திற்குரிய இடத்தை வெறுமையாக விட்டு, அவருடைய வீட்டுக்குச் செல்ல வேண்டும். குற்றாலத்தில் கடை வைத்திருப்பவருக்குச் சாரல் காலத்து ஞாயிறு ஓய்வில்லாத நாளாக இருக்கலாம். வீட்டில் நோயாளி இருக்கலாம். உண்மையிலேயே மனக்கசப்பும் இருக்கலாம். சென்று கேட்கும்வரை நாம் அறிந்தது அவர் வரவில்லை என்பது மட்டுமே.