வாதாம் இலை ஏன் சிவக்கிறது?

கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டர் சென்றால், கடலை ஒட்டி ஒரு கருங்கல் கோட்டை நிற்கிறது. அதுதான் வட்டக்கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் டி லனாய் என்பவரின் மேற்பார்வையில் இது பலப்படுத்தப்பட்டது. 1741-இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்ட டச்சுப் படை அதிகாரி அவர். மதில்மேல் ஏறி நின்றால் ஒருபுறம் கடல். மறுபுறம் தென்னை, பனை, தொலைவில் மேற்குத் தொடர்ச்சி மலை.

டி லனாய் பிறந்த ஐரோப்பாவில் அக்டோபர் மாதம் வந்துவிட்டால் காடே மஞ்சளும் சிவப்புமாக மாறிவிடும். பிறகு மரங்கள் மொட்டையாக நிற்கும். “நம் ஊரில் அப்படி ஒன்றும் இல்லையே!” என்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். உங்கள் பள்ளி வளாகத்திலோ தெருமுனையிலோ வாதாம் மரம் இருக்கிறதா? நாட்டு வாதுமை என்றும் சொல்வார்கள். குடைகளை அடுக்கி வைத்தாற்போல் கிளை பரப்பும் மரம். அதன் கொட்டையைக் கல்லால் உடைத்துப் பருப்பைத் தின்றிருப்பீர்கள். அந்த மரத்தின் அடியில் கிடக்கும் இலை ஒன்றை எடுத்துப் பாருங்கள். குங்குமச் சிவப்பு! ஐரோப்பியக் காட்டில் நடப்பதுதான் இந்த மரத்திலும் நடக்கிறது.

பச்சைக்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள்

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணம் பச்சையம். சூரிய ஒளியைப் பிடித்து உணவு சமைக்க உதவுவது அதுவே. ஆனால் இலையில் பச்சையம் மட்டும் இல்லை. கரோட்டின், சாந்தோஃபில் என்னும் மஞ்சள் நிறமிகளும் தொடக்கம் முதலே உள்ளன. பச்சையம் மிகுதியாக இருப்பதால் அவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நாலைந்து பச்சை இலைகளைக் கிள்ளி நன்றாக நசுக்குங்கள். சிறிதளவு ஸ்பிரிட் ஊற்றிச் சாற்றை இறக்குங்கள். (அருகில் தீ இருக்கக் கூடாது. ஆசிரியர் உடன் இருக்கட்டும்.) அதில் ஒரு வடிதாள் துண்டின் நுனி மட்டும் நனையும்படி நிறுத்துங்கள். சாறு மெல்ல மேலேறும். சிறிது நேரத்தில் பச்சைப் பட்டையும் மஞ்சள் பட்டையும் தனித்தனியே தெரியும். ரஷ்யத் தாவரவியல் அறிஞர் மிகயில் ஸ்வெட், சுண்ணாம்புத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாயில் இலைச் சாற்றை ஊற்றி இப்படித்தான் நிறமிகளைப் பிரித்தார். அம்முறையை அவர் 1906-இல் விரிவாக வெளியிட்டார்.

மரத்தின் சிக்கனம்

இலை முதிர்ந்ததும் மரம் அதை அப்படியே வீசி எறிந்துவிடுவதில்லை. வீட்டைக் காலி செய்கிறவர் கதவைப் பூட்டுமுன் பண்டபாத்திரங்களை எடுத்துக்கொள்வார் அல்லவா? மரமும் அப்படித்தான். இலையிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகியவற்றில் ஏறத்தாழ பாதியையோ அதற்கு மேலுமோ கிளைக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

பச்சையத்தோடு பிணைந்திருக்கும் புரதங்களில் நைட்ரஜன் நிறைய இருக்கிறது. அதை மீட்க வேண்டுமானால் முதலில் பச்சையத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். பிரிந்த பச்சையம் வெயிலில் செல்லுக்கே தீங்கு செய்யும். ஆகவே மரம் அதை நிறமற்ற பொருள்களாகச் சிதைத்துவிடுகிறது. பச்சை போனதும் ஒளிந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது.

இதற்கிடையே காம்பின் அடியில் உதிர்வு அடுக்கு என்னும் மெல்லிய செல் அடுக்கு தளர்கிறது. ஆக்சின் என்னும் ஊக்கி குறைந்து, எத்திலீன் வாயுவின் செல்வாக்கு கூடும்போது அச்செல்கள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. ஒரு காற்று அடித்தால் போதும், இலை விழுந்துவிடும்.

அப்படியானால் சிவப்பு?

சிவப்பு ஒளிந்திருந்த நிறம் அல்ல. ஆந்தோசயனின் என்னும் இந்த நிறமியை, உதிரப் போகும் இலை சர்க்கரையைச் செலவிட்டுப் புதிதாகத் தயாரிக்கிறது. சாகப் போகிற இலைக்கு எதற்கு இந்தச் செலவு?

அறிஞர்கள் இரண்டு விடைகள் சொல்கிறார்கள். பண்டங்களை மீட்டு முடிக்கும் வரை கடும் வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடை இது என்பது ஒன்று. “நான் வலுவான மரம், முட்டையிட வராதே” என்று பூச்சிகளுக்கு விடும் எச்சரிக்கை என்பது மற்றொன்று. பின்னதை ஹாமில்டன், பிரவுன் என்னும் இருவர் 2001-இல் வெளியான கட்டுரையில் முன்வைத்தனர். வழக்கு இன்னும் முடியவில்லை. நிறம் மாறத் தொடங்கும் வாதாம் இலை ஒன்றில், மரத்தில் இருக்கும்போதே, கறுப்புக் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி வையுங்கள். வெயில் படாத இடமும் சிவக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இங்கே குளிர் இல்லையே!

ஹாலந்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 9 மணி நேர வேறுபாடு உண்டு. பகல் சுருங்குவதே அங்குள்ள மரங்களுக்கு அறிவிப்பு. வட்டக்கோட்டை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகையில் இருக்கிறது. இங்கே அந்த வேறுபாடு ஒரு மணி நேரம்கூட இல்லை. நம் மரங்கள் பல அஞ்சுவது குளிருக்கு அல்ல, வறட்சிக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மண் காயும்போது, நீரை ஆவியாக்கும் இலைகளை அவை உதிர்க்கின்றன. வாதாம் மரம் பல இடங்களில் ஆண்டுக்கு இருமுறை உதிர்க்கும்.

குமரி மாவட்டத்திலேயே ஒரு காடு முழுவதும் நிறம் மாறுவதைக் காண வேண்டுமா? குலசேகரம், கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்குச் செல்லுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இலைகள் மஞ்சளும் செம்பழுப்புமாகி உதிர்ந்துவிடும். பார்க்க அழகுதான். ஆனால் பால் வெட்டும் தொழிலாளர்களுக்கு அது கை நெருக்கமான காலம். மரம் தன் சேமிப்பைப் புதுத் தளிருக்குச் செலவிடுவதால் பால் குறையும். வெட்டையும் நிறுத்தி வைப்பார்கள். வெட்டு இல்லையேல் கூலி இல்லை. பனி மூட்டத்தில் தளிரைச் சாம்பல் நோய் பிடித்தால் அதுவும் கருகி விழும், பால் மேலும் தள்ளிப்போகும். அதனால்தான் தோட்டங்களில் கந்தகத் தூள் தூவுகிறார்கள். ஓர் இலை உதிரும் நாளை முன்கூட்டி அறிவது, சில குடும்பங்களின் அடுப்பு எரிவதோடு தொடர்புடையது!

காவோலை விழக் குருத்தோலை சிரிக்குமாம். உண்மையில் குருத்து சிரிக்கக் காரணமில்லை. அது உடுத்தியிருப்பதில் ஒரு பங்கு, போன இலை விட்டுச் சென்ற சொத்து. மீதிப் பங்கு சருகாக மண்ணில் கிடக்கிறது. மக்கினால் அதுவும் வேருக்குத் திரும்பும். ஆகவே அடுத்த முறை பள்ளியில் சருகு கூட்டும்போது தீ வைக்காதீர்கள். மரத்தடியிலேயே குழி தோண்டிப் போடுங்கள். மரத்தின் கணக்கு அப்போதுதான் நேராகும்.